எல்லாம் ‘கேஸ்’ இல்லை: வயிறு, ஈரல் பற்றி வாசகர் கேள்வியும் பதிலும்

மாரி முடிந்து வரும் கடிதங்களில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: ‘கேஸ்’, ‘செங்கமாரி’ (மஞ்சள் காமாலை). முதலாவது ஓர் உணர்வு, இரண்டாவது ஒரு நிறம். அந்த உணர்வுக்கும் நிறத்துக்கும் பின்னால் நாலைந்து வெவ்வேறு வருத்தங்கள் நிற்கலாம். எது என்று பார்க்காமல் மருந்து தொடங்கியவர்களின் கடிதங்கள்தான் இந்த இதழில் அதிகம்.

எனக்கு 52 வயது. இரண்டு வருடமாகக் கேஸ். ஒமெப்ரசோல் போட்டால் இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடி நெஞ்சுக்குழியில் எரிவு, சாப்பிட்டதும் ஊதல். முழங்கால் நோவுக்கும் பார்மசியில் குளிசை வாங்கிப் போடுகிறேன். இப்போது சைக்கிள் மிதிக்கும்போதும் நெஞ்சு அடைக்கிறது. அதுவும் கேஸ்தானா? — வாசகர், களுவாஞ்சிக்குடி

கடைசி வரியில் இருந்து தொடங்குகிறோம். மிதிக்கும்போது அடைத்து, நின்றதும் விடுகிறது என்றால் அதை இருதயத்தின் அடையாளமாகவே முதலில் எடுக்கவேண்டும். வயிற்று எரிவு சாப்பாட்டோடும் படுக்கையோடும் கூடிக் குறையும். உடல் உழைப்போடு கூடிக் குறைவது இருதய நோவு. இந்தக் கிழமைக்குள்ளேயே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். ஓய்வாக இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் விட்டுவிடாமல், மிதிக்கும்போது வருவதை டொக்டரிடம் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போதே அடைத்து, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு வந்தால் சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நோவே இல்லாமல் வெறும் வியர்வையும் சத்தியும் மட்டும் வரலாம்.

இனி எரிவு. ஒமெப்ரசோல் இரண்டு நாளில் கைவிடுவதற்குப் பெரும்பாலும் போடும் நேரம்தான் காரணம். வயிற்றுச் சுவரில் அமிலம் சுரக்கும் ‘பம்புகள்’ சாப்பாடு வரும்போதுதான் வேலை தொடங்கும். வேலை செய்யும் பம்பை மட்டுமே இந்த மருந்து அடைக்கும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னால், வெறும் வயிற்றில், 20 மில்லிகிராம் குளிசையை நொறுக்காமல் விழுங்கவேண்டும். சாப்பிட்டபின் போட்டாலும், எரியும்போது மட்டும் போட்டாலும் முழுப் பயன் இராது. தினமும் தவறாமல் நான்கு முதல் எட்டுக் கிழமை போடுவதே வழக்கமான அளவு. மாதக்கணக்காகப் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் திருப்பி அடிக்கும், இரண்டு மூன்று கிழமை முன்னையவிடக் கூட எரியும். வருத்தம் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி தொடங்குவார்கள். இப்படியே வருடங்கள் ஓடும். டொக்டரிடம் கேட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறக்கி நிறுத்துவது நல்லது.

ஆனால் உங்கள் கடிதத்தில் எங்களை உறுத்துவது முழங்கால் குளிசை. கடதாசிப் பொட்டலத்தில் பெயரில்லாமல் வரும் சிவப்புக் குளிசை, மஞ்சள் குளிசைகளில் பெரும்பாலும் ஒன்று டைக்ளோபெனாக் அல்லது ஐபுபுரூபனாக இருக்கும். வயிற்றின் உட்சுவரைக் காக்கும் சளிப்படை உருவாவதற்கு உடலுக்கு ஒரு பொருள் தேவை. நோவைத் தணிக்க இந்தக் குளிசை தடுப்பதும் அதே பொருளைத்தான். முழங்கால் சுகப்படும், வயிறு புண்ணாகும். சாப்பிட்டபின் போட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் பிழை: மருந்து இரத்தத்தில் கலந்தே இதைச் செய்கிறது. அடுத்த முறை பார்மசியில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள், அந்தச் சிட்டையை டொக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவும் சரிசெய்தும் எரிவு போகவில்லையென்றால் ‘ஹெலிகோபக்டர் பைலோரி’ என்ற கிருமிக்கு மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்யலாம். சோதனைக்கு முன் ஒமெப்ரசோல் இரண்டு கிழமையும், அன்ரிபயோட்டிக் நான்கு கிழமையும் நிறுத்தியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். இரவில் புளித்த நீர் தொண்டைக்கு ஏறுகிறவர்கள் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணிநேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஆறு முதல் எட்டு அங்குலக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அமுங்கும், எரிவு கூடும்.

விழுங்கும்போது தடக்குதல், காரணமில்லாமல் மெலிதல், தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், அடிக்கடி சத்தி, இரத்தச்சோகை, 55 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய எரிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் குளிசையை மாற்றிப் பார்க்காமல் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை) செய்யவேண்டும். இரும்புச்சத்துக் குளிசை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் போல ஒட்டாது, அந்தக் கெட்ட மணமும் இராது.

நோன்பு காலத்தில் கேஸ் குளிசையை எந்த நேரம் போடுவது? சஹருக்கா, இஃப்தாருக்கா? — வாசகி, சம்மாந்துறை

ஒரு நேரம் போடுகிறவர் என்றால் சஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் எழும்பிப் போடுவது நல்லது. அது முடியாதவர் பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்து, அதோடு குளிசையைப் போட்டு, மஃரிப் தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டால் அந்த 30 நிமிடம் தானாகவே கிடைத்துவிடும். நோன்புக் கஞ்சியைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், குளிசைக்கு முன்னால் வேண்டாம். பகலெல்லாம் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு முதல் பத்து நிமிடத்தில் ஆறு பொரியல் பண்டம் போவதுதான் ராத்திரி எரிவுக்குப் பெரிய காரணம். சஹர் முடிந்த கையோடு திரும்பப் படுப்பது அடுத்தது. இரத்தம் கசிந்த புண் உள்ளவர்கள் நோன்புக்கு முன்னரே டொக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஸ்கானில் ‘ஃபேட்டி லிவர் கிரேட் 2’ என்று வந்தது. வயது 46, உயரம் 165 சென்ரிமீற்றர், எடை 78 கிலோ. இரத்தத்தில் ஈரல் சோதனை எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லட் 2,30,000. குடிப்பழக்கம் இல்லை. கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்திவிட்டேன். வெறும் வயிற்றில் பிலிங்காய்ச் சாறு குடித்தால் கொழுப்புக் கரையும் என்கிறார்கள். சரியா? — வாசகர், மட்டக்களப்பு

பிலிங்காய்ச் சாற்றை இன்றே நிறுத்துங்கள். பிலிங்காயிலும் காமரங்காயிலும் ஒக்சலேட் என்ற உப்பு மிக அதிகம். மீன் ஆணத்தில் இரண்டு காய் போடுவதால் எதுவும் ஆகாது. ஆனால் பத்துப் பதினைந்து காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் அந்த ஒக்சலேட் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் பளிங்காகப் படிந்து அடைத்துவிடும். இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சீனி வருத்தக்காரர்களுக்கும், வெயிலில் வேலைசெய்து உடலில் நீர் வற்றியவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. ஈரலைக் காப்பாற்றப் போய் சிறுநீரகத்தைக் கொடுக்கவேண்டாம்.

இனி ‘கிரேட் 2’. ஸ்கானில் ஈரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்குத்தான் அந்த எண். கொழுப்பு எவ்வளவு என்பதை அது மட்டாகச் சொல்லும். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது. பின்னாளில் ஆளைப் படுக்கவைப்பது அந்தத் தழும்புதான். அதை மதிப்பிட உங்கள் கையில் உள்ள எண்களே போதும். ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 46 × 48 = 2208. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தை (64க்கு 8) பிளேட்லட் எண்ணின் ஆயிரத்தால் (230) பெருக்குங்கள்: 1840. முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் 1.2 வரும். 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேல் என்றால் ஈரல் நிபுணரைப் பார்க்கவேண்டும், இடையில் வந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ‘ஃபைப்ரோஸ்கான்’ உதவும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்குச் சரிவராது, 65க்கு மேல் 1.3க்குப் பதிலாக 2 என்று வைத்துக்கொள்ளவேண்டும். நீங்கள் தப்பியிருக்கிறீர்கள், மட்டுமட்டாக.

கொழுப்பை இறக்க மருந்தைவிட எடைதான் வேலைசெய்யும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். உங்களுக்கு அது ஐந்தரை முதல் எட்டுக் கிலோ. கிழமைக்கு அரைக் கிலோ போதும். பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும்.

எங்கிருந்து குறைப்பது? பலர் தேங்காய்ப்பாலை நிறுத்திவிட்டு, தேத்தண்ணிக்குப் போடும் சீனியை அப்படியே வைத்திருப்பார்கள். எங்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் சீனி. 400 மில்லிலீற்றர் மென்பானப் போத்தலில் இன்னும் 40 கிராம் வரை இருக்கலாம். சீனியில் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாள்வது பெரும்பாலும் ஈரல்தான், மிஞ்சியதைக் கொழுப்பாக்கி அங்கேயே வைத்துக்கொள்ளும். முதலில் சீனி, அடுத்தது சோற்றுக் குவியல். சாப்பாட்டுத் தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீனோ பருப்போ, மீதிக் கால் பங்குதான் சோறு. குத்தரிசி என்பதற்காக இரண்டு மடங்கு போடுவதும் வழக்கம். அரிசி எதுவானாலும் அளவு அளவுதான். சீனி போடாத கோப்பி நாளுக்கு இரண்டு கோப்பை குடிக்கலாம், ஈரலுக்கு அது நல்லதென்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கிழமையில் ஐந்து நாள், அரை மணிநேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள்.

கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தியது தேவையில்லாத பயம். எஸ்.ஜி.பி.டி. வழமையான மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டாதவரை அந்தக் குளிசையை (ஸ்ராட்டின்) தொடரலாம். ஃபேட்டி லிவர் உள்ளவர்களை அதிகம் கொண்டுபோவது ஈரல் இல்லை, மாரடைப்பு. டொக்டரிடம் சொல்லி மறுபடி தொடங்குங்கள்.

வயல் வேலைக்குப் போன மகனுக்கு ஐந்து நாள் காய்ச்சல், இப்போது கண் மஞ்சள். அயலவர்கள் செங்கமாரி, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடு, எண்ணெயும் மீனும் கொடுக்காதே என்கிறார்கள். — தாயார், அக்கரைப்பற்று

அம்மா, இந்தப் பதிலுக்காகக் காத்திராமல் நீங்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறோம். வயல், காய்ச்சல், மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்கவேண்டியது எலிக்காய்ச்சல். எலியினதும் மாட்டினதும் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் இருந்து காலிலுள்ள சிறு காயங்கள் வழியாகக் கிருமி ஏறும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் காய்ச்சல் காட்டும்.

தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் ஹெப்பட்டைட்டிஸ் ஏ-யில் இருந்து இதைப் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. ஹெப்பட்டைட்டிஸ் ஏ-யில் மஞ்சள் தெரியும்போது காய்ச்சல் பெரும்பாலும் இறங்கிவிடும், பசியும் மெல்லத் திரும்பும். எலிக்காய்ச்சலில் மஞ்சளும் காய்ச்சலும் ஒன்றாக நிற்கும். கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே நோகும், கண் வெள்ளை சிவந்திருக்கும். சிறுநீரின் அளவு குறைந்தாலோ, இருமலில் இரத்தம் தெரிந்தாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு மணிநேரமும் தாமதிக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் அன்ரிபயோட்டிக் தொடங்க இரத்தச் சோதனை முடிவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை.

காய்ச்சலும் குளிர் நடுக்கமும், வலது விலாவின் கீழ் நோவும், மஞ்சளும் சேர்ந்தால் மூன்றாவது ஒன்று: பித்தக்குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருக்கலாம். அடைப்பால் வரும் மஞ்சளில் மலம் வெண்களி போல வெளுக்கும், உடம்பெல்லாம் கடிக்கும். அதுவும் அவசரந்தான். எந்த மஞ்சளானாலும் மலத்தின் நிறத்தைப் பார்த்து டொக்டரிடம் சொல்லுங்கள், அது பாதி ஸ்கானுக்குச் சமம்.

கீழ்க்காய்நெல்லி ‘வேலை செய்யும்’ என்ற பெயர் எப்படி வந்தது என்றால், ஹெப்பட்டைட்டிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். எலிக்காய்ச்சலுக்கோ கல்லுக்கோ அதை நம்பி இரண்டு நாள் இருந்தால் ஆள் கைவிட்டுப் போகும். பத்தியமும் வேண்டாம். மீன், முட்டை, கொஞ்ச எண்ணெய் எல்லாம் கொடுக்கலாம். குமட்டல் காலையில் குறைவாக இருப்பதால் காலைச் சாப்பாட்டைப் பெரிதாக்குங்கள். பனடோல் அளவை டொக்டரிடம் கேட்டே கொடுங்கள். டைக்ளோபெனாக் எந்த வழியிலும் வேண்டாம். ஏனென்றால் டெங்குவும் இதேபோலத் தொடங்கும்.

அடுத்த பெரும்போகத்துக்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் கிழமைக்கு ஒருமுறை கொடுப்பார்கள். சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு, நிமிர்ந்திருந்து விழுங்கவேண்டும். போட்டவுடன் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

சூரை மீன் சாப்பிட்டு அரை மணியில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்தது. முன்பு சாப்பிட்டபோது ஒன்றும் இல்லை. மீன் ஒவ்வாமையா? — வாசகர், வாழைச்சேனை

ஒவ்வாமை போலத் தெரியும், பெரும்பாலும் அது இல்லை. சூரை, கெளவள்ளை போன்ற மீன்களை ஐஸ் போடாமல் வெயிலில் வைத்தால் சதையில் ஹிஸ்ரமின் என்ற பொருள் பெருகும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது, மீனின் மணத்திலும் தெரியாது. சிலவேளை நாக்கில் மிளகு கடித்தது போலச் சுள்ளென்று இருக்கும்; அப்படி இருந்தால் துப்பிவிடுங்கள். அலர்ஜிக் குளிசை ஒன்றோடு பெரும்பாலும் மாறிவிடும். மூச்சு முட்டினால், தலை சுற்றினால் ஆஸ்பத்திரி. காசநோய்க்கு ஐசோனியாசிட் போடுகிறவர்களுக்கு நல்ல மீனிலேயே இது வரலாம், ஆகையால் மருந்து முடியும்வரை சூரையை விட்டுவிடுங்கள்.

எட்டு மாதக் கர்ப்பிணி. இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்கமுடியாமல் கடிக்கிறது. தடிப்பு ஒன்றும் இல்லை. — வாசகி, திருக்கோவில்

அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருக்காதீர்கள். தடிப்பில்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கும் கடி, கர்ப்பகாலத்தில் ஈரலில் பித்தம் தேங்குவதால் இருக்கலாம். இரத்தத்தில் பித்த அமிலம் மிக உயர்ந்தால் பிள்ளைக்கு ஆபத்து. குடும்பநல மாதிடம் இன்றே சொல்லி, மகப்பேற்று டொக்டரிடம் பித்த அமிலமும் எஸ்.ஜி.பி.டி.யும் சோதியுங்கள். பிள்ளை துடிப்பது குறைந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு.

கணவருக்கு 49 வயது. பதினைந்து வருடம் தினமும் கால் போத்தல் சாராயம். வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் தண்ணீர் எடுத்தார்கள், ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். முட்டை, இறைச்சி கொடுக்கக்கூடாது என்கிறார் மாமி. சாராயத்தை விட்டுக் கள்ளு மட்டும் குடிக்கலாமா என்று அவர் கேட்கிறார். — வாசகி, படுவான்கரை

கள்ளுக் கேள்வி முதலில். 180 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் மதுசாரம் இருக்கிறது. 5 சதவீதக் கள்ளு ஒரு பெரிய போத்தலில் 30 கிராம். ஈரலுக்கு இரண்டும் ஒரே சரக்கு. சுருங்கிய ஈரலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. ஆனால் இன்னும் தினமும் குடித்துக்கொண்டிருந்தால் வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். முதல் நாளிலேயே கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறலாம். வார்டில் வைத்துத் தயமின் (விற்றமின் பி1) ஊசியோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

மாமி சொல்வது பழைய வைத்தியம். ஒரு காலத்தில் டொக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இன்றைய அறிவு நேரெதிர். இந்த வருத்தத்தில் உடல் தன் தசையையே தின்னும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். பயறு, தயிர், கோழி எல்லாம் கொடுங்கள். இரவு படுக்குமுன் வாழைப்பழமும் இரண்டு துண்டுப் பாணுமோ, சத்துமாவோ கட்டாயம். இரவு முழுதும் பட்டினி கிடப்பதை இந்த ஈரல் தாங்காது.

குறைக்கவேண்டியது உப்பு. நாளுக்கு எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு மட்டத் தேக்கரண்டி, அதாவது 5 கிராம். கருவாடு, மாசி, ஊறுகாய், பப்படம், பக்கற் நூடில்ஸ் நிறுத்துங்கள். புளியும் மிளகும் தேசிக்காயும் கூட்டிச் சமைத்தால் உப்புக் குறைவது அவ்வளவு தெரியாது. அரைவேக்காட்டு மட்டி, நண்டு வேண்டாம், களப்புத் தண்ணீரில் உள்ள சில கிருமிகள் இவருக்கு உயிராபத்து. நோவுக்குப் பனடோல் மட்டும், 24 மணிநேரத்தில் நான்கு குளிசைக்கு மேல் இல்லை.

பாணி மருந்து (லக்டுலோஸ்) தந்திருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போகும் அளவுக்குக் கொடுங்கள். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் புத்தி மயங்கும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கையெழுத்துக் கோணுவது அந்த மயக்கத்தின் முதல் அடையாளங்கள். காய்ச்சல், வயிற்று நோவு வந்தால் வயிற்றுத் தண்ணீரில் கிருமி பிடித்திருக்கலாம், அன்றே போங்கள். சத்தியில் இரத்தம் அல்லது தார் மலம் என்றால் 1990. இரத்தம் கசியுமுன்பே எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் வீங்கிய இரத்த நாளங்களுக்கு வளையம் போடலாம். அதையும், ஆறு மாதத்துக்கொருமுறை ஈரல் ஸ்கானையும் கிளினிக்கில் கேளுங்கள்.

ஒரு கொப்பி வாங்கி, காலையில் மலசலம் கழித்தபின், சாப்பாட்டுக்கு முன், ஒரே தராசில் நிறுத்து எடையை எழுதுங்கள். சிறுநீர்க் குளிசை போடும்போது நாளுக்கு அரைக் கிலோ இறங்கினால் சரி, காலிலும் வீக்கம் இருந்தால் ஒரு கிலோ வரை பரவாயில்லை. அதைவிட வேகமாக இறங்கினாலும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலும் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் கொப்பியோடு போங்கள்.